4,800 ரூபா வெல்டிங் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடுங்க எங்களுது. கேட் கீல் விட்டுப்போறது, ஆட்டுப்பட்டி கதவு, தள்ளுவண்டி கைப்பிடின்னு வருசம் பூரா ஏதாவது ஒரு பத்தவைக்கிற வேலை வந்துக்கிட்டே இருக்கு. பட்டறைக்காரரு ரெண்டு டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) அடிக்க வாரக்கணக்கா இழுக்குறாருங்க. ஆன்லைன்ல 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் 4,800 ரூபான்னு போட்டிருக்காங்க. நம்பி வாங்கலாமுங்களா?

பதில்: உங்க வேலைக்கு வாங்கலாம், ஏன்னா உங்களுக்கு வருசம் பூரா வேலை இருக்கு. ஒரே ஒரு கேட் கீலுக்காக வாங்குறவங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

முதல்ல அந்த 200ங்கிற நம்பர மறந்துடுங்க. வீட்டு வேலைக்கு நீங்க போடப்போறது 12 நம்பர் ராடு (உருகி இரும்ப ஒட்டுற வெல்டிங் குச்சி), அதாவது 2.5 எம்எம், அதுக்கு 60லேர்ந்து 90 ஆம்ப் போதும். கொஞ்சம் கனமான ஆங்கிள்னா 10 நம்பர் ராடு, 3.15 எம்எம், அது 90லேர்ந்து 130 வரைக்கும் கேக்கும், அதுக்கு மேல வீட்டுல வேலையே இல்ல. 80 ஆம்ப்ல வெல்டிங் ஓடும்போதே இந்த மாதிரி மெஷின் உங்க லைன்லேர்ந்து 13, 14 ஆம்ப் இழுக்கும், அதாவது ஏசிக்கு வச்சிருக்கிற பெரிய பிளக்கு கிட்டத்தட்ட முழுசா வேலை செய்யுது. நெஜமாவே 200 வச்சீங்கன்னா 35 ஆம்புக்கு மேல இழுக்கும், சாதாரண சிங்கிள் பேஸ் வீட்டுல எம்சிபி (லோடு அதிகமானா தானா விழுற சுவிட்சு) விழுந்துடும். அதனால 200 போட்ட மெஷினா 250 போட்ட மெஷினான்னு மண்டைய உடைச்சுக்க வேண்டாம், 80, 100ல வச்சா நிக்காம ஓடுதாங்கிறதுதான் கேள்வி. மெஷின் பின்னாடி ஒட்டியிருக்கிற தகட்டுல எத்தனை ஆம்ப்ல எத்தனை சதவீதம்னு இருக்கும், 60 சதவீதம்னா பத்து நிமிசத்துல ஆறு நிமிசம் பத்தவைக்கலாம், மீதி நாலு நிமிசம் ஆற விடணும்னு அர்த்தம். அந்தத் தகடே இல்லாத மெஷின தொடாதீங்க.

அடுத்தது கரண்டு. தோட்டத்துப் பக்கம் எல்லாரும் மோட்டார் போட்ட நேரத்துல வோல்டேஜ் எவ்வளவு இறங்குதுன்னு ஒரு நாள் மீட்டர் வச்சுப் பாருங்க. 200 வோல்ட்டுக்குக் கீழ போனா இந்த மெஷின்ல பல எண்ணம் ராடு ஒட்டிக்கிட்டு அடம்பிடிக்கும், வாங்கினவங்க மெஷினத்தான் திட்டுவாங்க. அப்படி இறங்குச்சுன்னா மோட்டார் ஓடாத நேரமா பாத்து வேலைய வச்சுக்கோங்க. பம்ப்செட்டுக்கு குடுத்திருக்கிற இலவச லைன்ல மட்டும் மாட்டிடாதீங்க, அது விவசாயத்துக்குக் குடுத்தது, வெல்டிங்குக்கு எடுத்தா தப்பு. வீட்டு லைன்லயே மாட்டுங்க, எர்த் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீசியன விட்டுப் பாத்துட்டு மாட்டுங்க. டேபிள் ஃபேனுக்கு வச்சிருக்கிற சன்ன ஒயர் எக்ஸ்டென்சன் பாக்ஸ்ல மாட்டினா ஒயர் உருகும், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் போட்டு தனியா ஒண்ணு செஞ்சுக்கோங்க.

இன்னொண்ணு, 4,800ங்கிறது வெறும் மெஷினுக்குத்தான். டப்பாவுக்குள்ள கையில பிடிச்சுப் பாக்குற ஒரு கருப்புக் கண்ணாடி, ஒரு சின்ன சுத்தி, பிரஷ் வரும், அந்தக் கண்ணாடிய நம்பி உக்காராதீங்க. தானா கருக்குற ஹெல்மெட், 10 இல்ல 11 ஷேடு (கருப்போட அளவு) வைக்கிற மாதிரி, அதுக்கு தனியா ஆயிரத்துக்கு மேல ஒதுக்குங்க. தோல் கிளவுஸ், முழுக்கை காட்டன் சட்டை, ஷூ எல்லாம் கட்டாயம், நைலான் சட்டை போட்டா பொறி பட்ட எடத்துல உருகி தோலோட ஒட்டிடும். கிரைண்டர் இல்லேன்னா அதுவும் வாங்கணும், துருவையும் பெயிண்டையும் தேய்க்காம பத்தவச்சா கசடுதான் நிக்கும், இரும்பு பிடிக்காது. எல்லாம் சேத்தா மெஷின் விலை அளவுக்கு இன்னொரு செலவு வரும். அந்தக் காசு இப்ப கையில இல்லேன்னா மெஷினையே தள்ளிப்போடுங்க, கண்ணுல மிச்சம் பிடிக்காதீங்க.

முதல் வேலையா கேட்ட எடுத்துடாதீங்க. பழைய இரும்புக் கடையில 5 எம்எம் பட்டை துண்டு எடைக்கு வாங்கி, தீக்குச்சி உரசுற மாதிரி ராட உரசி ஆர்க் (ராடு நுனியில எரியுற மின்சுடர்) பிடிக்கப் பழகுங்க. ராடு 6013ன்னு கேட்டு வாங்குங்க, பழகுறவங்களுக்கு அதுதான் சுலபம். 18 கேஜ் ஸ்கொயர் பைப்பு 1.2 எம்எம்தான், புதுசா பிடிக்கிற கை கொஞ்சம் நின்னாலே ஓட்டை விழுந்துடும், அதுல டேக் டேக்கா விட்டு விட்டுத்தான் போகணும், ராடு பிடிக்கிற ஹோல்டர மெஷின்ல மைனஸ்ல மாத்தி மாட்டினா சூடு கொஞ்சம் குறையும். ஜிஐ பைப்புன்னா மேல இருக்கிற துத்தநாகத்த தேய்ச்சு எடுத்துட்டு வெட்டவெளியில செய்யுங்க, அந்த வெள்ளைப் புகைய இழுத்தா சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு நடுங்கும். டீசல், பெட்ரோல், பெயிண்ட் இருந்த டிரம்ம காலியா இருக்குன்னு நெனச்சு பத்தவைக்கவே கூடாது, உள்ள நிக்கிற ஆவி வெடிச்சு உசுரே போகும்.

கேள்வி: நாகர்கோவில்ல இருக்கேன். மெஷின் வாங்கி ரெண்டு ஸ்டூல் செஞ்சிட்டேன், நல்லா வந்திருக்கு. மாடில 1,000 லிட்டர் டேங்குக்கு ஸ்டாண்டும் நானே அடிக்கலாம்னு பாக்குறேன்.

பதில்: வேண்டாம். 1,000 லிட்டர் தண்ணி ஒரு டன், அது ராவும் பகலும் அந்த ஜாயின்ட்டு மேலயே நிக்கும், கடல் காத்துல துரு வேற ஏறும். மேல பாக்க அழகா இருக்கிற வெல்டிங் உள்ள பிடிக்காமலே இருக்கலாம், கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது. டேங்க் ஸ்டாண்டு, ஊஞ்சல் கொக்கி, பால்கனி கைப்பிடி, வண்டி சேசிஸ் இதெல்லாம் பட்டறையில குடுங்க. செடி ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு, ஜன்னல் கொசுவலை ஃப்ரேம்னு நீங்க தாராளமா செய்யுங்க, ஸ்டூல் செஞ்ச கைக்கு அது நல்லாவே வரும்.

கேள்வி: வீட்டுக்காரர் மத்தியானம் வெல்டிங் வச்சாரு, பக்கத்துல நின்னு பாத்த பையனுக்கு ராத்திரி கண்ணுல மண்ணு போட்ட மாதிரி எரிச்சல். தாய்ப்பால் விடச் சொல்றாங்க பெரியவங்க.

பதில்: எதுவும் விடாதீங்கம்மா, கண்ணையும் கசக்க விடாதீங்க. ஆர்க் வெளிச்சத்துல இருக்கிற புற ஊதாக் கதிர் கருவிழி மேல் தோல சுட்டுடும், வலி சில மணி நேரம் கழிச்சுத்தான் வரும், அதனாலதான் பாக்கும்போது ஒண்ணும் தெரியல. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும், ஆனாலும் தாமதிக்காம கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மெடிக்கல்ல மரத்துப்போற சொட்டு மருந்த நீங்களா வாங்கி விட்டுடாதீங்க, வலி தெரியாம போகும், புண்ணு ஆறாது. இனிமே அவர் மெஷின எடுத்தா கனமான படுதா ஒண்ணு கட்டி மறைச்சுட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, பிள்ளைங்கள வீட்டுக்குள்ள அனுப்பிட்டு.