குதிரைக்கு எதற்குத் தண்டவாளம்?

கேள்வி: நீராவி எஞ்சினுக்கு முன்னாலேயே தண்டவாளம் உண்டு, குதிரைதான் நிலக்கரி வண்டியை இழுத்தது என்கிறான் பேரன். குதிரைக்கு எதற்கு ஐயா தண்டவாளம்? ரோட்டில் இழுக்காதா?
– தக்கலை வாசகி ஒருவர்

பதில்: பேரன் சொல்வது சரிதான் அம்மா.

எங்கள் அப்பா தோவாளைப் பக்கம் மாட்டுவண்டியில் செங்கல் லோடு அடித்தவர். ஐப்பசி மழையில் அரை லோடு ஏற்றினாலே சக்கரம் சகதியில் இறங்கிவிடும். பின்னால் நின்று தள்ளுவது என் வேலை. இங்கிலாந்துச் சுரங்கக்காரர்களுக்கும் இதே பாடுதான். கரியை வெட்டினால் போதுமா, படகுத்துறை வரை கொண்டுபோக வேண்டாமா? 1604-ல் நாட்டிங்ஹாம் பக்கம் ஹன்டிங்டன் போமான்ட் என்பவர் ஸ்ட்ரெல்லியிலிருந்து வொல்லட்டன் வரை சுமார் 2 மைலுக்கு மரத்திலேயே தண்டவாளம் போட்டார். அப்புறம் நியூகாசில் பக்கம் டைன் ஆற்றங்கரையெல்லாம் இது பரவியது. ரோட்டில் ஒரு டன்னுக்கே திணறிய குதிரை, இதில் 2 டன்னுக்கு மேல் இழுத்தது.

1979-ல் நம் மாவட்டத்துக்கு ரயில் வந்த பிறகு தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்தவன் நான். அதனால் எனக்குப் பிடித்தது அவர்கள் பார்த்த ஒரு கைவேலை. குதிரை தண்டவாளத்துக்கு நடுவில்தானே நடக்க வேண்டும்? குளம்பு பட்டுப் பட்டு, தண்டவாளத்தைத் தாங்கக் குறுக்கே போட்ட ஸ்லீப்பர் கட்டை தேய்ந்துபோனது. உடனே தண்டவாளத்தின் மேலேயே இன்னொரு மரச்சட்டத்தை அடித்து உயர்த்தினார்கள். இப்போது கட்டை மூடும்வரை மண்ணும் கல்லும் கொட்டலாம். மேல்சட்டம் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வார்ப்பிரும்புத் தண்டவாளம் 1767-ல், இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில்தான் வந்தது.

சுரங்கம் மேட்டில், ஆறு பள்ளத்தில். பாரவண்டி தானாகவே இறங்கும். குதிரையை அவிழ்த்துப் பின்னால் கட்டிவிட்டு, வண்டிக்காரர் பிரேக் கட்டைமேல் உட்கார்ந்துகொள்வார். காலி வண்டியை மேலே இழுக்கும்போதுதான் குதிரைக்கு வேலை. எஞ்சின் வந்ததற்குத் தீவன விலையும் ஒரு காரணம்: நெப்போலியன் போரில் அது எகிறவே, லீட்ஸ் நகரின் மிடில்டன் சுரங்கப் பாதையில் 1812-ல் நீராவிக்கு மாறினார்கள்.

ஆனாலும் குதிரை உடனே போய்விடவில்லை. ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் 1828 வாக்கில் குதிரைக்கென்றே கடைசியில் ஒரு தனி வண்டி கோத்தார்கள். இறக்கம் வந்ததும் குதிரை அதில் ஏறி நின்று, வைக்கோலைத் தின்றபடியே கீழே வரும். பழகிய குதிரைகள் தாங்களாகவே தாவி ஏறுமாம்! எங்கள் அப்பா மட்டும் இதைக் கேட்டிருந்தால், காளையை வண்டியில் ஏற்றிவிட்டு நுகத்தடியை என் தோளில் வைத்திருப்பார்.