மார்கழிக் காலையில் மட்டும் எரியும் லைட்: கேள்வி பதில்

மார்கழி, தை மாதங்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "விடியக்காலை வண்டி எடுத்தா மீட்டர்ல ஒரு லைட் எரியுது, வெயில் ஏறினதும் அணைஞ்சிருது. அப்படியே விட்டுடலாமா?"

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விடியற்காலைக் குளிர் என்றால் 20 டிகிரி வாக்கில் இருக்கும். உறைபனி ஊர்களில் ஓடும் அதே மாதிரி வண்டிகள்தான் நம்மிடமும் இருக்கின்றன. 20 டிகிரிக்கெல்லாம் நல்ல வண்டி முறையிடாது. லைட் எரிந்தால், பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ ஒன்று குறைந்தோ தேய்ந்தோ இருக்கிறது, அதைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது. அதனால் வெயிலில் அணைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

அண்ணே, டயர் லைட் காலையில் எரியுது. பத்து கிலோமீட்டர் ஓடினா அணைஞ்சிருது. சென்சார் கோளாறா? (தேவகோட்டை)

பெரும்பாலும் இல்லை தம்பி. காற்று அடிக்கிற நேரம்தான் காரணம். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். மதியம் ஓடி வந்த சூட்டோடு பங்க்கில் நிறுத்தி 33 அடித்திருப்பீர்கள். ஓடிய டயரில் சூட்டால் மட்டுமே 3, 4 பிஎஸ்ஐ கூடியிருக்கும். ஆகவே, விடியற்காலையில் அதே டயரில் 28, 29தான் நிற்கும். மாதம் ஒன்றிரண்டு தானாகவும் இறங்கும். குறிப்பிட்ட அளவில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்கு குறைந்தால் லைட் எரிகிற மாதிரிதான் பல வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஓடிச் சூடானதும் காற்று விரிந்து லைட் அணைந்துவிடும். குறை அப்படியேதான் இருக்கும்.

காலையில், ஓடாத டயரில், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். நாலு டயரும் சமமாகக் குறைந்திருந்தால் இந்தக் கதைதான். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் சீமைக்கருவேல முள்ளைத் தேடுங்கள். கிராமத்துச் சாலையோரம் வண்டியை இறக்கி நிறுத்துகிறவர்களுக்கு இது சகஜம். முள் உள்ளே முறிந்து நின்று, நாட்கணக்கில் மெல்லக் காற்றை விடும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

லைட் முதலில் ஒரு நிமிடம் விட்டு விட்டு எரிந்து பிறகு நிலையாக நின்றால்தான் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். டயருக்குள் இருக்கும் சென்சாரில் சின்ன பேட்டரி உண்டு. அது பழசானால் குளிரில் முதலில் சோர்ந்துபோகும்.

பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்காக. பொங்கலுக்கு வர்றப்பதான் காரை எடுப்போம். இந்தத் தடவை சாவி போட்டதும் எல்லா லைட்டும் மங்கலா எரிஞ்சு, செல்ஃப் எடுக்கல. குளிரில் பேட்டரி செத்துப்போச்சா? (கானாடுகாத்தான்)

ஆச்சி, பேட்டரியைக் கெடுத்தது சித்திரை, வைகாசி வெயில். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது மீதியை முடித்தது. குளிரில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அப்படியே கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. முதலில் நிதானமாக முழு சார்ஜ் போட்டுப் பாருங்கள், உடனே புதுசு வாங்க வேண்டாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம், "வாரம் ஒருதடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று பலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது போதாது. ஸ்டார்ட் செய்யச் செலவானதையே அந்த ஐந்து நிமிடம் ஈடுகட்டாது. அரை மணி நேரம் சாலையில் ஓட வேண்டும். ஓட்ட ஆள் இல்லை என்றால் மைனஸ் கம்பியைக் கழற்றி வைக்கலாம். பூட்டிக் கிடக்கிற ஷெட்டில் எலி இருக்கும், பானெட்டைத் திறந்து வயரையும் பார்த்துவிட்டே சாவி போடுங்கள்.

நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம். ஆபத்தா? (பள்ளத்தூர்)

இல்லை. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சொல்கிறது. சில நிமிடங்களில் அணைந்துவிட வேண்டும்.

எனக்கு அதே நீல லைட் திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை எரியுது, மைலேஜும் குறைஞ்சுபோச்சு. (காரைக்குடி)

தெர்மோஸ்டாட் வால்வைப் பாருங்கள். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அதுதான். ஒன்று, திறந்தபடி சிக்கியிருக்கும். இல்லையென்றால் முன்பு ஹீட் ஆனபோது யாரோ அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்று செய்கிற இந்த வேலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போகும், உள்ளே தேய்மானமும் கூடும். வால்வை மாட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

ஆயில் கேன் படம் சிவப்பா, காலையில அஞ்சாறு செகண்ட் எரிஞ்சு அணையுது. (சிங்கம்புணரி)

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டார்ட் ஆன ஓரிரு செகண்டில் அணைய வேண்டும். ஆயில் அளவு குறைந்திருக்கலாம், கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றியிருக்கலாம், அல்லது ஃபில்டர் பழசாகி ராத்திரியில் ஆயில் வடிந்துவிடலாம். இன்றே ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) இழுத்துப் பாருங்கள். ஓடும்போது எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

டீசல் வண்டி, சுருள் மாதிரி ஒரு லைட். (பொன்னமராவதி)

ஹீட்டர் ப்ளக் லைட். ஸ்டார்ட் செய்யும் முன் டீசல் இன்ஜினின் உள்ளே சூடேற்றுகிற ப்ளக் அது. லைட் அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். ஓடும்போது விட்டு விட்டு எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூணாறில் விடியக்காலை மீட்டரில் பனிப்பூ மாதிரி ஒரு படம் வந்துச்சே? (கோட்டையூர்)

வண்டியில் குறை இல்லை. வெளியே 4 டிகிரி வாக்கில் இறங்கினால் சில வண்டிகள் அப்படிக் காட்டும். சாலை வழுக்கலாம் என்று பொருள். வளைவில் மெதுவாகப் போங்கள், திடீர் பிரேக் வேண்டாம்.