லைட்டு எரியல, ஆனா கம்ப்ளைன்ட் முடிஞ்சிருச்சாம்!

(வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்)

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல மாநகராட்சி சமாச்சாரம்தான். காதல், மாமியார் கேள்வி அனுப்புனவங்க எல்லாம் கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் உங்களுக்குத்தான்.

கேள்வி: அக்கா, எங்க தெருவுல லைட்டு எரியலன்னு ஆப்ல கம்ப்ளைன்ட் போட்டேன். நாலு நாள்ல "தீர்வு காணப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. நிமிந்து பாத்தா கும்மிருட்டு. கோளாறு என் கண்ணுலயா, அவங்க கண்ணுலயா?

உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு தம்பி. தீர்வுங்கற வார்த்தைக்கு ஆபீஸ்ல அர்த்தம் வேற. பல்பு மாத்துறது ஒரு பிரிவு, கேபிள் பாக்குறது இன்னொரு பிரிவு, ரோட்டைத் தோண்டணும்னா அதுக்கு மூணாவதா ஒருத்தர் வரணும், இதுல முதல்ல வந்து பாத்தவரு "பல்பு சரியாத்தான் இருக்கு, கேபிள்தான் போச்சு"ன்னு எழுதி தன் பக்கத்து ஃபைலை மூடிட்டுப் போயிருப்பாரு, அவரைக் கேட்டா வேலை முடிஞ்சுதுன்னுதான் சொல்லுவாரு, பொய்யும் இல்ல. கேபிள்காரருக்கு யாரும் சொல்லாம விட்டதுதான் சிக்கல்.

அதனால புதுசா இன்னொரு கம்ப்ளைன்ட் போட்றாதீங்க. போட்டா நாள் கணக்கு மறுபடி முதல்லேந்து ஆரம்பிக்கும். பழைய நம்பரைச் சொல்லி "இதைத் திரும்பத் திறங்க"ன்னு கேளுங்க. கம்பத்துல பெயின்ட்லயோ தகட்டுலயோ ஒரு நம்பர் இருந்தா அது தெரியற மாதிரி ராத்திரியில ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. "மூணாவது வீட்டுக்கு எதிர்ல"ன்னு எழுதினா வர்றவரு எந்த மூணாவது வீடுன்னு தேடிட்டுத் திரும்பிப் போயிடுவாரு. இதோட ஒரு கேள்வியும் சேத்துக்கோங்க: "எந்தப் பிரிவுக்கு மாத்தினீங்க, அங்க இதுக்கு என்ன நம்பர்?" இந்த ஒரு கேள்விக்கு பதில் வாங்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நானே ஒரு பள்ளத்துக்கு நாலு தடவை நம்பர் வாங்கினவதான். நாலும் மூடிட்டாங்க, பள்ளம் மட்டும் மூடல. கடைசியில நாலு நம்பரையும் தேதியோட ஒரே தாள்ல எழுதிக் குடுத்தேன், அப்புறம்தான் ஆளு வந்தாரு.

எல்லாக் கம்ப்ளைன்டையும் ஒரே எடத்துல சொல்ற இந்த ஏற்பாடு எங்கேந்து வந்துச்சுன்னும் சொல்லிடறேன். அமெரிக்காவுல அவசரத்துக்குக் கூப்புடற 911-க்கு அவசரமே இல்லாத விஷயத்துக்கும் ஜனங்க கூப்பிட்டு லைன் திணறிப் போச்சு, அதனால பால்டிமோர் நகரம் 1996 அக்டோபர்ல 311-னு தனி போன் நம்பர் குடுத்துச்சு. நியூயார்க் 2003-ல ஆரம்பிச்சுது. எந்த டிபார்ட்மென்ட்னு ஜனங்க தெரிஞ்சு வெச்சுக்க வேணாம், அதைக் கண்டுபுடிக்கறது எங்க வேலைங்கறதுதான் அந்த ஒத்த நம்பரோட அர்த்தமே. நம்ம ஊரு ஆப்கள் பலதும் ஒரே எடத்துல கம்ப்ளைன்ட் வாங்கறதை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த அர்த்தத்தை விட்டுருச்சு.

கேள்வி: வார்டு மீட்டிங்ல ஒரு ஆபீஸர் சொல்றாரு, "உங்க ஏரியாவுலேந்து கம்ப்ளைன்டே வர்றதில்ல, அப்போ பிரச்சினை இல்லன்னுதானே அர்த்தம்"னு. இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன்.

அடுத்த தடவை முழிக்காதீங்க தங்கச்சி, அமெரிக்காவுல இருக்கற பாஸ்டன் நகரத்துக் கதையைச் சொல்லுங்க. 2012 வாக்குல அங்க ஒரு ஆப் விட்டாங்க, காருல போகும்போது போன் குலுங்கறத வெச்சு அதுவே பள்ளத்தைக் கண்டுபுடிச்சு மாநகராட்சிக்குச் சொல்லிடும். யாரும் எதையும் டைப் பண்ணவே வேணாம், பிரமாதமான ஐடியா. ஆனா ஸ்மார்ட்போனும் காரும் யாருகிட்ட இருக்கோ அவங்க தெருப் பள்ளம்தானே அதுல தெரியும்? வயசானவங்க, வசதி இல்லாதவங்க இருக்கற தெருவுல எவ்வளவு பெரிய குழி இருந்தாலும் மேப்ல சுத்தமா இருக்கும். இந்த ஆபத்தை அங்கயே ஆளுங்க எடுத்துச் சொன்னாங்க.

கம்ப்ளைன்ட் வராத இடத்துல பிரச்சினை இல்லன்னு இல்ல, சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிருப்பாங்க, இல்லன்னா எங்க சொல்றதுன்னே தெரிஞ்சிருக்காது. ஒரு நாள் சாயங்காலம் நாலு பேரு சேந்து பத்து தெரு நடந்து, பாத்ததை எல்லாம் எழுதி மொத்தமா பதிவு பண்ணுங்க. அதே ஆபீஸரையும் கூட நடக்கக் கூப்பிடுங்க, வந்தா சந்தோஷம்.

கேள்வி: மாசாமாசம் மாநகராட்சி செய்தி மடல் வருது. திறப்பு விழா போட்டோ, ரிப்பன், சால்வை. படிக்காம பழைய பேப்பர்ல போட்டுடறேன், தப்பா?

முன்பக்கத்தைப் போடுங்க, கடைசி ரெண்டு பக்கத்தை மட்டும் கிழிச்சு வெச்சுக்கோங்க. சின்ன எழுத்துல இருக்கே அறிவிப்பு, அதுலதான் விஷயம் இருக்கும். எந்த ரோடு எப்போ மூடுவாங்க, எந்த இடத்தைக் குடியிருப்புலேந்து கடை கட்டற இடமா மாத்தப் போறாங்க, ஆட்சேபணை சொல்ல கடைசி நாள் என்ன, பசங்களுக்கு நீச்சல் வகுப்புக்கு எப்போ பதியணும். "கடைசி நாள்"னு எங்கெல்லாம் வருதோ பேனாவால வட்டம் போடுங்க. பக்கத்துல பில்டிங் எழும்பினதுக்கு அப்புறம் "எங்களுக்கு யாரும் சொல்லலையே"ன்னு புலம்பறவங்க நிறையப் பேரு, சொல்லியிருப்பாங்க, பதினோராம் பக்கத்துல, எறும்பு சைஸ்ல. அப்படி எறும்பு சைஸ்ல போட்டது மாநகராட்சி தப்புதான், சந்தேகமில்ல. ஆனா அந்த எறும்பை நாமதான் தேடணும், வேற யாரும் தேடித்தர மாட்டாங்க.

கேள்வி: "மக்கள் பங்கேற்பு பட்ஜெட்"னு சொல்றாங்களே, அது நெஜமா, கண்துடைப்பா?

ரெண்டும் உண்டு ஐயா. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரிங்கற ஊருல 1989-ல ஆரம்பிச்சாங்க, ஏரியா ஏரியாவா ஜனங்க கூடி எது முதல்ல வேணும்னு முடிவு பண்ணாங்க. ஜனங்க முதல்ல கேட்டது என்னன்னு நெனைக்கறீங்க, சிலையோ பூங்காவோ இல்ல, தண்ணியும் சாக்கடையும் ரோடும்தான். 1988-ல 75 சதவீத வீட்டுக்குத் தண்ணி, சாக்கடை கனெக்‌ஷன் இருந்தது 1997-ல 98 சதவீதம் ஆச்சுன்னு உலக வங்கி கணக்கு சொல்லுது. பாரிஸ் 2014-ல ஆரம்பிச்சப்போ முதலீட்டுப் பணத்துல 5 சதவீதத்தை ஜனங்க ஓட்டுக்கு விட்டுச்சு. ஆனா முன்னோடியான அந்த போர்ட்டோ அலெக்ரியிலயே 2017-ல நிறுத்தி வெச்சாங்க, அதையும் சொல்லணும். ஆட்சி மாறினா இதெல்லாம் ஆடும்.

உங்க ஊருல நடக்கறது எந்த ரகம்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அம்மா 1969-ல ஜனங்க பங்கேற்பை எட்டுப் படி ஏணியா எழுதினாங்க, அடியில ஜனங்கள ஏமாத்தறது, நடுவுல "தகவல் சொல்லிட்டோம், கருத்து கேட்டுட்டோம்", மேல போனாதான் முடிவு ஜனங்க கையில. கூட்டத்துல எழுந்து கேளுங்க: எவ்வளவு பணம் எங்க முடிவுக்கு விட்டிருக்கீங்க, போன வருஷம் நாங்க சொன்னதுல எது நடந்துச்சு, எது நடக்கல, ஏன்? பதில் இருந்தா உக்காருங்க. "உங்கள் கருத்துகள் பரிசீலிக்கப்படும்"னு சொன்னா நீங்க மூணாவது, நாலாவது படியில நிக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க.

கேள்வி: சமூகக் கூடத்துல யோகா, கம்ப்யூட்டர் வகுப்பு எல்லாம் இலவசம், ஆனா அதே பத்துப் பேருதான் வர்றாங்க. நோட்டீஸ் இன்னும் அதிகமா அடிக்கலாமா?

நோட்டீஸ் வேணாம்மா. காலைல பதினோரு மணிக்கு வகுப்பு வெச்சா வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க, கைக்கொழந்தை இருக்கறவங்க கொழந்தைய எங்க விடுவாங்க? கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவுல 1974-ல ஆரம்பிச்ச ஒரு பழக்கம் இருக்கு, இப்போ ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும் காலைல 7-லேந்து மதியம் 2 வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல ரோட்டை வண்டிக்கு மூடி, சைக்கிளுக்கும் நடக்கறதுக்கும் விடறாங்க. பதிவு கிடையாது, ஃபாரம் கிடையாது, வீட்டு வாசப்படி தாண்டினா நிகழ்ச்சிக்குள்ள இருக்கீங்க. எல்லா ஊருலயும் அது முடியாதுதான், ஆனா வராத அம்பது பேருல அஞ்சு பேரையாவது "எந்த நேரம் தோதுப்படும்"னு கேட்டுட்டு அப்புறம் டைம்டேபிள் போடுங்க.

கேள்வி: எங்க தெரு முனையில ஒரு மரம், நான்தான் தண்ணி ஊத்தறேன். மாநகராட்சிகிட்ட தத்து எடுத்து பேரு வைக்க முடியுமா? சிரிக்காதீங்க.

சிரிக்கல. மெல்போர்ன்ல மரத்துக்கெல்லாம் நம்பர் குடுத்து ஈமெயில் அட்ரஸும் குடுத்தாங்க, கிளை ஒடிஞ்சா சொல்றதுக்குன்னு. ஜனங்க என்னடான்னா மரத்துக்குக் காதல் கடுதாசி எழுத ஆரம்பிச்சுட்டாங்க! சில கடுதாசிக்கு மரமே எழுதுன மாதிரி பதிலும் போச்சு. (முதல் கேள்வி கேட்ட தம்பி, வயித்தெரிச்சல் படாதீங்க.) பாஸ்டன்ல பனி மூடற தீயணைப்புக் குழாயைத் தத்து குடுக்க 2012-ல ஒரு வெப்சைட் விட்டாங்க, பனியை அள்ளி சுத்தமா வெச்சுக்கணும், அவ்வளவுதான். அந்த புரோகிராமையே எடுத்து ஹவாய் தீவுல இருக்கற ஹொனலுலு நகரம் சுனாமி சைரனுக்கு வெச்சுக்கிச்சு, ஏன்னா அங்க சைரன் பேட்டரிய திருடிட்டுப் போயிட்டிருந்தாங்க.

உங்க ஊர் பூங்காப் பிரிவுல தத்துத் திட்டம் இருக்கான்னு எழுதிக் கேளுங்க. இல்லன்னு சொன்னாலும் தண்ணி ஊத்தறது, சுத்தி மண்ணு கொத்தி விடறது வரைக்கும் செய்யலாமான்னு கேட்டு ஒரு வரி எழுத்துல வாங்கிக்கோங்க, கிளை வெட்டறதை மட்டும் அவங்ககிட்டயே விட்டுடுங்க. பேரு விஷயம், பாஸ்டன்ல தத்து எடுத்தவங்க குழாய்க்கே பேரு வெச்சாங்க, மரத்துக்கு வைக்கக் கூடாதா என்ன? என்ன பேருன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க.