ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கிரேக்கர்களை உண்மையாகவே நேசித்தாரா, இல்லை அதெல்லாம் அரசியலா?

நேசித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு எல்லோரும் காட்டும், ஏதென்ஸில் உள்ள ஒலிம்பிய ஸீயஸ் கோயிலை நான் சான்றாகக் காட்ட மாட்டேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி, அறுநூறு வருஷத்துக்கு மேல் அரைகுறையாகக் கிடந்த கோயில் அது. ஹேட்ரியன்தான் கட்டி முடித்தார். பெரிய காரியம்தான். ஆனாலும் பிரம்மாண்டமாகக் கோயில் கட்டும் அரசனுக்குப் பக்தியும் இருக்கலாம், புகழாசையும் இருக்கலாம். கல்லைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

என்னை நம்பவைத்தவை எண்ணெயும் மீனும்.

ஏதென்ஸில் ரோமானிய அகோரா என்ற பழைய சந்தை இருக்கிறது. அதன் மேற்கு வாசல் கல்லில் ஹேட்ரியனின் ஆலிவ் எண்ணெய்ச் சட்டம் கிரேக்க மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே போனபோது வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை ஊருக்கு ஒப்படைக்க வேண்டும். வெளியூருக்கு விற்பவர் எவ்வளவு விற்கிறார், யாருக்கு விற்கிறார், கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுதித் தர வேண்டும். ஏதென்ஸுக்கு அருகே உள்ள எலூசிஸ் என்ற ஊர் பற்றி அவர் எழுதிய கடிதம் இதைவிட நுணுக்கமானது. அங்கே மீன் விற்கும் மீனவர்களுக்கு வரிவிலக்கு கொடுக்கிறார். இடைத்தரகர்கள் கைமாற்றி விற்பதால்தான் விலை ஏறுகிறது என்று கண்டிக்கிறார். பிரிட்டனிலிருந்து எகிப்து வரை ஆண்ட மனிதர் ஒரு சின்ன ஊரின் மீன் விலையில் இவ்வளவு மனம் வைத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எலூசிஸின் ரகசியச் சடங்குகளில் தீட்சை பெற்றவர் அவர். திருவிழாவுக்கு வரும் கூட்டம் எப்படிச் சாப்பிடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பற்று அரியணையோடு வந்ததல்ல. சிறுவயதிலேயே கிரேக்கக் கல்வியில் மூழ்கிக் கிடந்ததால் 'குட்டிக் கிரேக்கன்' என்று அவருக்குப் பட்டப்பெயர். பேரரசராவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே, கி.பி. 111-112 வாக்கில், ஏதென்ஸின் ஆர்க்கோன் என்ற தலைமை அதிகாரி பதவி வகித்தார். 117இல் அரியணை ஏறியபின் மூன்று முறை அங்கே வந்து தங்கினார்.

அந்த நேசத்தில் உரிமை கொண்டாடுவதும் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். கோயிலுக்குப் பக்கத்தில் அவர் பெயரால் ஒரு வளைவு நிற்கிறது. அக்ரோபோலிஸ் என்ற பழைய குன்றுக் கோட்டையைப் பார்த்த பக்கத்தில் 'இது ஏதென்ஸ், தீசியஸின் பழைய நகரம்' என்றும் (தீசியஸ் ஏதென்ஸின் புராண மன்னன்), கோயிலைப் பார்த்த பக்கத்தில் 'இது ஹேட்ரியனின் நகரம், தீசியஸுடையது அல்ல' என்றும் எழுதியிருக்கிறது. அவர் அமைத்த பன்ஹெலெனியன் கூட்டமைப்பிலும் கிரேக்க வம்சாவளியைக் காட்டும் நகரங்களுக்குத்தான் இடம். யார் கிரேக்கர் என்ற கேள்விக்கு ரோமப் பேரரசரின் ஒப்புதல் தேவைப்பட்டது. இதை அரசியல் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

எனக்கு மனம் ஆறாதது யூதர்களின் நாடான யூதேயா. ஏதென்ஸில் கோயில் திறந்த அதே காலத்தில், இடிந்து கிடந்த எருசலேமை ஏலியா கேப்பிட்டோலினா என்ற ரோமக் குடியேற்றமாக மாற்ற முனைந்தார். 132இல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கிய போரில் ஊர் ஊராக அழிந்தது. கிரேக்கர்களின் பழைய தெய்வங்களுக்கும் சடங்குகளுக்கும் அத்தனை மரியாதை கொடுத்தவர், யூதர்களுக்கும் அப்படி ஒரு பழமை இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளவே இல்லை.