மானியம் கேட்கும் கடலோர நகரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளம், புயல், கடல் அரிப்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்பதற்கான பணிகளுக்கும், அவற்றோடு சேர்ந்த சமுதாயப் பணிகளுக்கும் கடலோர நகரங்கள் எங்கே, எப்படி நிதி கேட்பது என்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையின் வெள்ளத் தடுப்புக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் கொடுத்ததாகப் படித்தேன். சுனாமியிலும் கஜா புயலிலும் சென்னையைவிட அதிகமாக இழந்த எங்கள் ஊருக்கு அப்படி ஒரு தொகை ஏன் கிடைக்கவில்லை? (வாசகர், நாகப்பட்டினம்)

அந்த 500 கோடி, இழப்பை அளந்து பார்த்துக் கொடுத்த தொகை அன்று. மத்திய வரிப் பணத்தை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து 2,500 கோடி ரூபாயை மக்கள்தொகை மிகுந்த ஏழு நகரங்களின் வெள்ளத் தடுப்புக்கென்று தனியே ஒதுக்கியது. மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகியவற்றுக்குத் தலா 500 கோடி; பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புணே ஆகியவற்றுக்குத் தலா 250 கோடி. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த அதே வாரத்தில், 2023 டிசம்பரில், 561.29 கோடி ரூபாய் மதிப்புள்ள சென்னை வடிநில வெள்ள மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டதால், அதைப் புயல் நிவாரணம் என்றே பலரும் எடுத்துக்கொண்டனர். உண்மையில் அது முன்பே சென்னையின் பெயருக்கு எழுதி வைக்கப்பட்டிருந்த பணம்.

உங்கள் ஊருக்கு வேறு வாசல்கள் உண்டு. அதே நிதிக் குழு, ஆற்றங்கரை மற்றும் கடற்கரை அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பினால் இடம்பெயர்ந்தோரை மறுகுடியமர்த்த 1,000 கோடியும் நாடு முழுமைக்குமாக ஒதுக்கியது. இவற்றைவிட முக்கியமானது மாநிலப் பேரிடர் தணிப்பு நிதி. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஐந்தாண்டுக்கு 32,031 கோடி ரூபாய் இதற்கென வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் இதன் முக்கால் பங்கை மத்திய அரசும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. இதைக் கேட்கும் வழி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்குகிறது, ஏனென்றால் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டுக் கோட்டைக்கு மனு அனுப்புவதோடு நின்றுவிட்டால், மாவட்டத் திட்டத்தில் இடம்பெறாத அந்தக் கோரிக்கை பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும். ஒன்றை மனத்தில் வையுங்கள்: தணிப்பு நிதி, நடந்த இழப்புக்கு ஈடு செய்வதற்கு உரியது அன்று. எத்தனை உயிர் போயிற்று என்று எழுதுவதோடு, எந்த இடத்தில் எதைக் கட்டினால் அடுத்த முறை எத்தனை வீடு தப்பும் என்பதையும் எழுதியாக வேண்டும்.

கேள்வி: “உலக வங்கி நிதி”, “ஆசிய வளர்ச்சி வங்கி உதவி” என்றெல்லாம் செய்தி வருகிறதே, அவை திருப்பிக் கட்ட வேண்டாத பணமா? (வாசகி, திருவொற்றியூர்)

பெரும்பாலும் இல்லை. உங்கள் பகுதியை உள்ளடக்கிய கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கொடுத்தது 25.1 கோடி டாலர் கடன். வங்கியோடு கையெழுத்திடுவது மத்திய அரசு. சுமை மாநிலத்துக்கு வருகிறது. மாநகராட்சியின் கைக்கு அது மானியமாக வந்தாலும், எங்கோ ஒருவர் வட்டியோடு கட்டிக்கொண்டுதான் இருப்பார். சுனாமிக்குப் பின் வந்த உலக வங்கித் திட்டமும் கடனுதவியே.

மெய்யான மானியம் அரிது. ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையின் கீழ் இயங்கும் பசுமை பருவநிலை நிதியம் இந்தியக் கடலோர மக்களுக்காக 2018-இல் 4.34 கோடி டாலரை மானியமாக ஒப்புக்கொண்டது. ஆனால் அது ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களுக்கானது. நம் பக்கம் வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது, மத்திய அரசின் தேசியப் பருவநிலை தகவமைப்பு நிதி மன்னார் வளைகுடாவுக்குக் கொடுத்த தொகை. தூத்துக்குடிக்கு அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, துளைகள் இட்ட சரிவக வடிவ செயற்கைப் பவளப்பாறைத் தொகுதிகளைக் கடலில் இறக்கினார்கள். அலையின் வேகத்தை அவை உடைக்கின்றன. துளைகளில் மீன் குஞ்சுகள் ஒதுங்குகின்றன. சென்னை வடிகாலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.

கேள்வி: சொத்து வரியை ஏற்றினால்தான் மத்திய மானியம் என்று எங்கள் நகராட்சியில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், இராமேசுவரம்)

பாதி உண்மை. சொத்து வரிக்கு அடித்தள விகிதத்தை, அதாவது வரி அதற்குக் கீழே போகக் கூடாத வரம்பை, அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்று 15-ஆவது நிதிக் குழு நிபந்தனை விதித்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 25 முதல் 150 விழுக்காடு வரை வரி உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. எவ்வளவு ஏற்றுவது என்பதை மாநிலம் முடிவு செய்தது. அந்தப் பொறுப்பைக் குழுவின் தலையில் முழுக்கச் சுமத்துவது நியாயமில்லை. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனையைப் பற்றி நகராட்சிகள் இவ்வளவு உரக்கப் பேசுவதில்லை.

கேள்வி: “விரிவான திட்ட அறிக்கை இல்லை” என்று சொல்லியே எங்கள் கோரிக்கைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் அப்படி என்னதான் இருக்க வேண்டும்? யார் தயாரிப்பது? (வாசகர், காயல்பட்டினம்)

கடலோர ஊர்கள் மானியத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிதி இல்லாமல் நின்ற திட்டங்களைவிட, நிதி வந்த நாளில் அறிக்கை தயாராக இல்லாமல் நின்ற திட்டங்களே அதிகம் என்பது என் கணிப்பு.

ஒரு மழைநீர் வடிகாலையே எடுத்துக்கொள்வோம். தெருவின் மட்டம், வடிகாலின் அடிமட்டம், அது கடலிலோ கழிமுகத்திலோ சேரும் இடத்தின் மட்டம், அங்கே கடல் ஏற்றத்தின்போது நீர் நிற்கும் மட்டம் ஆகிய நான்கையும் ஒரே அளவுகோலில் எடுத்திருக்க வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் மழை பெய்யும் நாளில் வடிகால் வழியாகக் கடல்நீர் தெருவுக்குள் ஏறி வரும். பல லட்சம் செலவழித்துக் கட்டிய வாய்க்கால் அன்றைக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். இந்த அளவீடு இல்லாத மதிப்பீட்டை, பொதுப்பணித் துறை விலை விகிதப்படி எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தாலும், கவனமுள்ள எந்தப் பொறியாளரும் கையெழுத்திட மாட்டார்.

அடுத்தது நிலம். புறம்போக்கா, கோயில் நிலமா, துறைமுகத்துக்குச் சொந்தமா என்பது கிராமக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு, கடற்கரையை ஒட்டிய கட்டுமானங்களுக்குத் தேவையான கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி; 2019 சனவரியில் வெளியான அறிவிக்கையின் கீழ் உங்கள் பகுதி எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும். இவை முடியாமல் ஒப்புதல் வந்தாலும் ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது.

எல்லாவற்றையும்விட, அந்த மண்ணுக்கு அந்தப் பணி பொருந்துமா என்பதை ஊராரிடம் கேட்டிருக்க வேண்டும். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கியின் உதவியோடு சென்னைக்குத் தெற்கே கோவளம் வடிநிலத்தில் வடிகால் போட முனைந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்பாளர்கள், தங்கள் மணற்பாங்கான நிலம் மழைநீரைத் தானே உறிஞ்சி நிலத்தடி நீராக்கிவிடுகிறது, அதைக் கான்கிரீட் பெட்டியில் பிடித்துக் கடலில் விடுவது எதற்கு என்று கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. பணம் இருக்கிறது என்பதற்காகத் தேடிப்பிடித்த வேலையா, தேவை இருந்து பணம் தேடிய வேலையா என்பதை அறிக்கையின் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

யார் தயாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு நகராட்சியில் ஒரு பொறியாளர் குடிநீர், சாலை, தெருவிளக்கு என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்வது நடவாத காரியம். தமிழ்நாடு நகர்ப்புற உட்கட்டமைப்பு நிதிச் சேவைகள் நிறுவனம் போன்ற அரசு சார்ந்த அமைப்புகள் திட்டம் தயாரிக்க உதவுகின்றன. அந்த உதவியைக் கேட்டு முதலில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கட்டிய பிறகு யார் தூர்வாருவது, அதற்கு ஆண்டுக்கு என்ன செலவு, எந்தத் தலைப்பில் அந்தச் செலவு வரும் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நம் ஊர் அறிக்கைகளில் மிக மெலிந்த பக்கம் அதுவே.

கேள்வி: எங்கள் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். பக்கத்து ஊருக்குக் கொடுத்தார்கள், எங்களுக்கு இல்லை. (வாசகி, கடலூர்)

உங்கள் வருத்தம் புரிகிறது, அம்மா. ஆனால் பக்கத்து ஊருக்குக் கொடுத்ததே உங்கள் கரை கரைவதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தூண்டில் வளைவு என்று கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே கல்லைப் போட்டால் தென்பக்கம் மணல் சேரும். வடபக்கம் வர வேண்டிய மணல் வராமல் கடல் உள்ளே ஏறும். உடனே வடக்கே உள்ள குப்பத்தார் தங்களுக்கும் ஒன்று கேட்பார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாக 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. இந்தத் தொடர்கதையைப் பார்த்துத்தான், கடற்கரை மேலாண்மைத் திட்டம் வகுக்காமல் தூண்டில் வளைவுகள் கட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் சொன்னது. ஆகவே தனி ஒரு குப்பத்துக்கென்று கேட்கும் மனு இனி எளிதில் நகராது.

வேறு மாதிரி கேட்கலாம். புதுச்சேரியில் துறைமுகச் சுவர்களுக்குப் பிறகு நகரக் கடற்கரையே காணாமல் போனது; பல ஆண்டுகள் கருங்கல்லைக் கொட்டினார்கள். பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் எஃகினால் ஆன ஆப்பு வடிவக் கட்டமைப்பு ஒன்றைக் கரைக்கு அருகே கடலுக்குள் மூழ்கச் செய்ததும், தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் திரும்பியது. எல்லா ஊருக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், செலவும் மிகுதி. ஆனால் தெற்கும் வடக்குமாக உள்ள நான்கைந்து ஊர்ப் பஞ்சாயத்துகள் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, எங்கள் கரைப்பகுதி முழுவதையும் ஆராய்ந்து ஒரு தீர்வைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அதை மறுப்பது அரசுக்குக் கடினம். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் எவ்வளவு மணல் வேண்டும் என்பதை நீங்களே அளந்து அதில் எழுதுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கேள்வி: சமுதாயக்கூடம் கேட்டால் “அது பேரிடர்ப் பணியில் வராது” என்கிறார்களே? (வாசகர், வேதாரண்யம்)

வரும்படி கேட்க வேண்டும். பல்நோக்குப் பாதுகாப்பு மையம் என்பதன் பொருளே, புயல் நாளில் புகலிடமாகவும் மற்ற நாள்களில் பள்ளியாகவோ கூடமாகவோ இருப்பது. தானே புயலுக்குப் பின் உலக வங்கியின் கடனோடு வந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் இத்தகைய மையங்களும், கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் மின்கம்பிகளைப் புதைவடமாக்கும் பணியும் இடம்பெற்றன. தூண்கள் மேல் உயர்த்திய தளம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்வுப் பாதை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஜெனரேட்டர் ஆகியவற்றை மதிப்பீட்டில் சேருங்கள். சிறு பணி என்றால் “நமக்கு நாமே” திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊரார் திரட்டிக் கொடுத்தால் மீதியை அரசு தருகிறது.

கேள்வி: நான் பொறியியல் மாணவி. அமெரிக்காவில் ஒரு நகரம் மாணவர்கள் வரைந்த திட்டத்தை வைத்தே பெரிய மானியம் வாங்கியதாகப் பேராசிரியர் சொன்னார். நம்பலாமா? (வாசகி, தூத்துக்குடி)

நம்பலாம். அந்த நகரம் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக். கடற்படைத் தளம் உள்ள ஊர். கடல் உயர்வதோடு நிலமும் தாழ்ந்துகொண்டிருப்பதால், மழையே இல்லாத நாளிலும் கடல் ஏற்றத்தில் தெருக்கள் நனையும். அங்கே செஸ்டர்ஃபீல்டு ஹைட்ஸ் என்ற பகுதியில் ஹாம்ப்டன், ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகங்களின் கட்டடக்கலை, பொறியியல் மாணவர்கள் வீடு வீடாகப் பேசி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறித்து வடிவமைப்புகளைச் செய்தார்கள். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை பேரிடர் தாங்குதிறனுக்கென்று நாடு தழுவிய போட்டியை அறிவித்தபோது நகரத்தின் கையில் அந்த வரைபடங்கள் இருந்தன. 2016 சனவரியில் வர்ஜீனியாவுக்குக் கிடைத்த 12 கோடி டாலரில் ஏறத்தாழ 11.2 கோடி, அந்தப் பகுதியையும் அருகிலுள்ள கிராண்டி வில்லேஜையும் உள்ளடக்கிய ஓஹாயோ கிரீக் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் போனது. பகுதிக்குள் நுழையும் இரண்டே சாலைகளும் மூழ்குவதுதான் பெரிய தொல்லை என்பதால், சாலையை உயர்த்துவதும் மண் அணையும் சதுப்பு நிலமும் திட்டத்தில் வந்தன.

நார்ஃபோக்கும் சென்னையும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் “தாங்குதிறன் மிக்க 100 நகரங்கள்” முயற்சியில் உறுப்பினர்களாக இருந்தவை என்பது உங்களுக்குச் சுவையாக இருக்கலாம். சென்னை 2014-இல் தேர்வாகி, 2019-இல் தன் உத்தி ஆவணத்தை வெளியிட்டது. அந்த ஆண்டிலேயே அந்த முயற்சி மூடப்பட்டது. ஆவணம் இருந்தும் அதன் பின்னால் நார்ஃபோக்கைப் போல ஒரு தெருவின் வரைபடம் இல்லை என்பதே என் மனக்குறை.

அங்கேயும் மானியம் நிலையானதன்று. வெள்ளத்தைத் தாங்கும் பணிகளுக்கு நகரங்கள் நம்பியிருந்த ஒரு பெரிய மத்திய மானியத் திட்டத்தை நிறுத்துவதாக அமெரிக்க அரசு 2025 ஏப்ரலில் அறிவிக்க, மாநிலங்கள் நீதிமன்றம் போயின. தூத்துக்குடியில் உங்களுக்கு ஒரு பருவமழை போதும்: ஒரே வார்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவர்களில் பார்த்து, வீட்டு எண்ணோடு குறித்து, பகுதி சபைக் கூட்டத்தில் மன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மாநகராட்சிப் பொறியாளருக்கு ஒரு படி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.