தம்பி பிள்ளைகள் இல்லத்தில். அத்தை கேட்டால் தருவார்களா?

கேள்வி: என் தம்பி மனைவி இரண்டு வருடத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். தம்பி சென்னையில் சென்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வைத்திருந்தான்; குடியும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்பு எழும்பூர் ரயில் நிலையத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று போனவன் திரும்பவில்லை. எனக்கு இது தெரிந்ததே போன வாரம், அவன் குடியிருந்த வீட்டுக்காரர் சொல்லித்தான். போலீஸ் கேட்டதற்கு மூத்தவள் தன் அம்மாவின் போன் நம்பரைத்தான் சொன்னாளாம். இப்போது ஒன்பது வயதுப் பெண் ஓர் இல்லத்திலும், ஆறு வயதுப் பையன் வேறோர் இல்லத்திலும் இருக்கிறார்கள். போய்க் கேட்டால், "கமிட்டி ஆர்டர் இல்லாமல் காட்ட முடியாது" என்கிறார்கள். ஆன்லைனில் தத்துக்குப் பதிந்து காத்திருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். பத்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். நாங்கள் பள்ளிபாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் தறி ஓட்டி மாதம் 18,000 ரூபாய் கொண்டுவருகிறார். ஒரே மகன், பத்தாவது படிக்கிறான். மாமியார், "பொண்ணு மட்டும் வரட்டும், ரெண்டையும் கட்டிக்கிட்டு அழ முடியாது" என்கிறார். எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் டீச்சரம்மா, பையனைத் தான் வளர்ப்பதாகச் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத நாமக்கல் மாவட்ட வாசகி)

பதில்: முதலில் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஆதரவில்லாமல் கண்டெடுக்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு விசாரணையை முடித்து இறுதி உத்தரவு போட வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதுவரை யாரும் தேடி வராவிட்டால், கைவிடப்பட்ட குழந்தை என்று முடிவுசெய்து, தத்துக் கொடுக்கலாம் என்று அறிவிப்பதற்கும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அதே நான்கு மாதம்தான் கெடு. உங்கள் கணக்கில் மூன்று மாதம் போய்விட்டது. தம்பி வரட்டும், ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இல்லத்தில் இருப்பவர்கள் மேல் கோபம் வேண்டாம். அவர்கள் சொன்னது சரி. குழுவின் உத்தரவு இல்லாமல் ஒரு குழந்தையை அவர்களால் யாரிடமும் ஒப்படைக்க முடியாது, ஒப்படைத்தால்தான் தவறு. நீங்கள் அத்தை என்பது உங்களுக்குத் தெரியும், வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் இருந்த ஒரே நம்பர் இறந்துபோனவருடையது. "எங்க அத்தை வீட்டுல தறி ஓடும்" என்று பெண் சொல்லியிருந்தாலும் எந்த ஊரில் போய்த் தேடுவார்கள்? ஈரோடு, குமாரபாளையம், சோமனூர், எங்கே பார்த்தாலும் தறிதான்.

ஆக, நீங்கள் தட்ட வேண்டிய கதவு இல்லமல்ல, குழந்தைகளை விசாரிக்கும் சென்னையிலுள்ள நலக்குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது; மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்பது சட்டம். வக்கீல் வைத்தாக வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. ஒரு வெள்ளைத்தாளில் தலைவருக்கு மனு எழுதுங்கள். அதில் மூன்றே கோரிக்கை: பிள்ளைகளை உடனே பார்க்கவும் போனில் பேசவும் அனுமதி வேண்டும், விசாரணை முடியும்வரை அக்கா, தம்பி இருவரையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும், அது முடியாவிட்டால் வாரம் ஒருமுறையாவது சந்திக்கவைக்க வேண்டும், விசாரித்து இருவரையும் என் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக் கூடாது என்று 39-வது பிரிவு சொல்வதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். அந்தப் பத்தாயிரம் ரூபாய்க்காரரின் போனைக்கூட எடுக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மனு எழுதக்கூடத் துணை வேண்டுமென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேளுங்கள்.

இணைக்க வேண்டியவை: உங்கள் இருவரின் ஆதார், குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது, தம்பி மனைவியின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று அல்லது பள்ளியில் வாங்கிய சான்று, "எனக்குச் சம்மதம்" என்று உங்கள் கணவர் கையெழுத்திட்ட கடிதம். உறவைக் காட்டத்தான் பலர் திண்டாடுகிறார்கள். கல்யாணம் ஆனதும் உங்கள் பெயர் வேறு அட்டைக்குப் போயிருக்கும். நீங்களும் தம்பியும் சேர்ந்திருந்த பழைய ரேஷன் கார்டு பிறந்த வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இருவரின் பள்ளி டி.சி.; இரண்டிலும் அப்பா பெயர் ஒன்றாக இருக்குமே.

போட்டோக்களையும் எடுத்துப் போங்கள். ஒருமுறை குழுவிடம் ஒரு பாட்டி பேரனைக் கேட்டு வந்தார். மஞ்சள் பையிலிருந்து இருபது காகிதம் எடுத்து வைத்தார். எல்லாமே ஜெராக்ஸ், பாதியில் பெயர் பிழை. கடைசியில் ஒரு காதுகுத்துப் படம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பையன் அழுகிறான், பின்னால் அதே பாட்டி அவன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்தைச் சட்டப்படி ஆவணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதைப் பார்த்த பிறகுதான் உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளைப் பார்த்த சந்தோஷத்தில் படம் பிடித்து உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவர்களின் அடையாளத்தை வெளியிடுவது 74-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இன்னொன்று, அத்தையைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "இத்தனை நாள் ஏன் வரல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழுவும் பார்த்திருக்கும், அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளாது.

நீங்கள் இருப்பது வேறு மாவட்டம் என்பதால், சென்னைக் குழு நாமக்கல் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் உங்கள் வீட்டைப் பற்றி அறிக்கை கேட்கும். அங்கிருந்து ஒருவர் வருவார். டைல்ஸ் போட்ட வீடா என்று பார்க்க வரமாட்டார். பெண் எங்கே படுப்பாள், பத்தாவது படிக்கும் பையன் எங்கே படிப்பான், பக்கத்தில் எந்தப் பள்ளி, நீங்களும் தறிக்குப் போனால் சாயங்காலம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பார். இதற்கெல்லாம் யோசித்து வைத்த பதில் இருக்கட்டும். வருமானம் இவ்வளவு இருந்தால்தான் அத்தைக்குப் பிள்ளை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் நடந்த கொடுமைகள் குறித்த வழக்கில் 2017-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதி மதன் லோக்கூரும், பாதுகாப்பு தேவைப்படும் ஒவ்வொரு குழந்தையையும் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை என்றே சொன்னார். அறிக்கை சரியாக இருந்தால், 40-வது பிரிவின்படி உங்களைத் தகுதியான நபராக ஏற்றுப் பிள்ளைகளை ஒப்படைக்கலாம். மறுத்தால் உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.

தத்து உங்களுக்குத் தேவையே இல்லை. தம்பி உயிரோடு இருக்கிறான். நாளைக்கே திருந்தி வந்து நிற்கலாம், திருந்தாமலும் வந்து நிற்கலாம். குழு ஒப்படைத்த பிள்ளைகளைக் குழுவைக் கேட்காமல் அவனிடம் அனுப்பாதீர்கள். அவன் அடிக்கடி வந்து தகராறு செய்தால், 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் உங்களைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கலாம். அதெல்லாம் பின்னால். இப்போது அந்த வழக்கைத் தொடங்கினால் நாள்தான் போகும்.

பணம் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், இப்படி உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆனால் குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 18,000 சம்பளம் அதைத் தாண்டுகிறது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டி வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் விஷயமும் சேர்ந்து கெடும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். தாய் இறந்து, தகப்பன் கைவிட்ட பிள்ளைகள் என்று சொல்லி, விசாரணைக்கு வருபவரிடமே இதைக் கேளுங்கள்.

டீச்சரம்மா நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் நீங்களாகப் பையனை அவரிடம் கொடுக்க முடியாது. உறவில்லாத குடும்பத்தில் குழந்தை வளர 44-வது பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அந்தக் குடும்பத்தை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு விசாரிக்கும், உத்தரவு போடுவது குழுதான். மாதாமாதம் ஆய்வு நடக்கும், அரசு பணமும் தரும். பெற்றோர் தேறிவிட்டதாகக் குழு முடிவு செய்தால் குழந்தை அவர்களிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கும். பெற்றவர்கள் சிறையிலோ மருத்துவமனையிலோ இருந்து, சொந்தக்காரர் என்று எவருமே இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். தமிழ்நாட்டில் இதற்கு முன்வரும் குடும்பங்கள் இன்னும் அதிகமாக வேண்டும். உங்கள் தம்பி பையனுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரே காம்பவுண்டில் அக்கா ஒரு வீட்டில், தம்பி ஒரு வீட்டில் என்றால், "நான் மட்டும் ஏன் அங்கே?" என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்பான். இருவரும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். டீச்சரம்மா சாயங்காலம் இரண்டு பேரையும் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். விசாரணைக்கு வருபவரிடம் அவரையும் பேசச் சொல்லுங்கள். சாயங்காலம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

வருபவர் உங்கள் மாமியாரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுவார். "ரெண்டையும் கட்டிக்கிட்டு அழ முடியாது" என்று அவரிடமும் சொல்லிவிட்டால் அது அறிக்கையில் ஏறிவிடும். அதனால் சென்னைக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழு அனுமதி கொடுத்ததும், முதலில் அந்தப் பையனை அவர் பார்க்கட்டும்.