யூஎஸ்பி மைனர் பாதி வேகத்தில் ஓடுகிறதா? ஃபிரீக்வென்சியைத் தொடுவதற்கு முன்

கேள்வி: பழைய யூஎஸ்பி பிட்காயின் மைனர் ஸ்டிக் இரண்டு வாங்கினேன். இரண்டிலும் இரண்டிரண்டு பிஎம்1387 சிப். 100 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 22 கிகாஹாஷுக்கு (நொடிக்கு 2,200 கோடி ஹாஷ் கணக்குகள்) மேல் தர வேண்டும் என்றார்கள். ஒன்று தருகிறது. மற்றது 11-ஐத் தாண்ட மறுக்கிறது. பூலின் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் சேவை) பக்கத்திலோ சில சமயம் சுழியம், சில சமயம் 50-க்கு மேல் என்று காட்டுகிறது. ஃபிரீக்வென்சியைக் கூட்டினால் வேகம் இன்னும் குறைகிறது. யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு மாற்றியும் பலன் இல்லை. இணைய வேகம் நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 60 வரை கொண்டுபோக முடியுமா?

பதில்: நீங்கள் சொல்வதில் இரண்டு பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. 11-இல் நிற்கும் ஸ்டிக்கில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறது. பூல் காட்டும் ஏற்ற இறக்கம் கோளாறே இல்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால், எதை மாற்றியதால் எது சரியானது என்று கடைசிவரை தெரியாது. அதனால் முதலில் ஃபிரீக்வென்சியைப் பழையபடி 100-க்கே கொண்டுவாருங்கள். அது கடைசியில் தொட வேண்டிய விஷயம்.

பூலை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் ஸ்டிக் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பூலுக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பும் ஷேர்களை, அதாவது வேலை செய்ததற்குச் சான்றான விடைகளை, எண்ணிப் பார்த்து அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். டிஃபிகல்ட்டி (விடை கிடைப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு) 1 உள்ள ஒரு ஷேர் கிடைக்கச் சராசரியாக 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடி ஹாஷ் போட வேண்டும். பூல் உங்களுக்கு 8192 டிஃபிகல்ட்டி கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22.8 கிகாஹாஷில் ஓடும் ஸ்டிக்குக்கு ஒரு ஷேர் கிடைக்கவே சராசரியாக 26 நிமிடம் ஆகும். பூல் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நேரத்தில் ஷேர் வராவிட்டால் சுழியம் காட்டும். ஒன்றே ஒன்று வந்துவிட்டால் 58 கிகாஹாஷ் காட்டும். நீங்கள் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பூலில் டிஃபிகல்ட்டியைக் குறைத்துக் கேட்கும் வசதி இருந்தால் 256 வரை இறக்குங்கள். சில பூல்களில் பாஸ்வேர்டு போடும் இடத்திலேயே அதைக் குறிப்பிடலாம். அப்போது சுமார் 48 விநாடிக்கு ஒரு ஷேர், மணிக்கு 75 வரும். அப்போதும் ஒரு மணி நேரச் சராசரி 10 சதவீதத்துக்கு மேல் மேலும் கீழும் ஆடும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் அந்த ஆட்டம் 2, 3 சதவீதத்துக்கு வந்துவிடும். டிஃபிகல்ட்டியைக் குறைப்பதால் வருமானம் கூடாது, குறையாது. எண் மட்டும் நிதானமாகும்.

இனி உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் மைனிங் மென்பொருளின் திரையைப் பாருங்கள். சிஜிமைனர் என்றால் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் 'கிகாஹாஷ்' எண்ணை விட்டுவிட்டு 'டபிள்யூயூ' என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை டிஃபிகல்ட்டி-1 ஷேருக்குச் சமமான வேலை உண்மையில் முடிந்தது என்பதுதான் அது. அதை 0.0716-ஆல் பெருக்கினால் கிகாஹாஷ் வரும். நல்ல ஸ்டிக்கில் 318-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓடிய பிறகுதான் இந்த எண்ணை நம்பலாம். ஓட ஆரம்பித்த இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டுப் பதறுபவர்கள்தான் அதிகம்.

318 எங்கிருந்து வந்தது? பிஎம்1387 சிப்பில் 114 கோர்கள். ஒவ்வொரு கோரும் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு ஒரு ஹாஷ் போடும். 114-ஐ 100 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 11.4 கிகாஹாஷ். இரண்டு சிப்புக்கு 22.8. இப்போது உங்கள் இரண்டாவது ஸ்டிக்கின் 11-ஐ மறுபடி பாருங்கள். சூடு அதிகமானாலோ மின்சாரம் லேசாகக் குறைந்தாலோ வேகம் 19, 16 என்று ஒழுங்கில்லாமல் இறங்கும். சரியாகப் பாதியில் வந்து நிற்கிறது என்றால் ஒரு சிப் வேலையே செய்யவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதே வரியில் சிப்பின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை சிப் கண்டுபிடிக்கப்பட்டது என்ற எண்ணும் இருக்கும். நல்ல ஸ்டிக்கில் 2 என்றும், இதில் 1 என்றும் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் சிப் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மென்பொருள் தொடங்கும்போது சிப்களுக்கு அழைப்பு விடுத்து, பதில் சொல்பவற்றை மட்டும் கணக்கில் சேர்க்கும். அந்த நொடியில் மின்னழுத்தம் தடுமாறினால் நல்ல சிப்கூடப் பதில் சொல்லாமல் இருந்துவிடும். ஆகவே ஒரு சோதனை. இரண்டையும் கழற்றுங்கள். சந்தேகத்துக்குரிய ஸ்டிக்கை மட்டும், நன்றாக ஓடிய ஸ்டிக் இருந்த அதே போர்ட்டில், அதே கேபிளில் செருகி மென்பொருளைப் புதிதாகத் தொடங்குங்கள். அப்போது 2 சிப் தெரிந்தால் குற்றவாளி ஸ்டிக் இல்லை, மின்சாரம். அப்போதும் 1 என்றால் பிரச்சினை ஸ்டிக்கோடே வருகிறது. விண்டோஸில் போர்ட் மாற்றும்போது ஒரு வம்பு உண்டு: புதிய போர்ட்டில் அதைப் புதுக் கருவியாக நினைத்து வேறு டிரைவரைப் போட்டுவிடலாம். சிஜிமைனருக்கு வின்யூஎஸ்பி டிரைவர் வேண்டும்; ஸாடிக் என்ற சிறு கருவியால் அதை மறுபடி பொருத்திக்கொள்ளலாம். ஸ்டிக்கே கண்ணில் படவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

என் கணிப்பு மின்சாரத்தின் பக்கம்தான் சாய்கிறது. இந்த வகை ஸ்டிக்குகளில் வரும் புகார்களில் பெரும்பங்கு அங்கேதான் போய் முடிகிறது. யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் போதும், ஓடும் என்ற எண்ணம் 2013-இல் வந்த பிளாக் எரப்டர் என்ற ஸ்டிக்கின் காலத்துப் பழக்கம். அது 333 மெகாஹாஷுக்கு 2.5 வாட் எடுத்தது. யூஎஸ்பி 2 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு மிகச்சரியாக அவ்வளவுதான். பின்னால் வந்த ஸ்டிக்குகளின் பசி வேறு. கூட்டி ஓட்டினால் ஒன்றே 1 ஆம்பியருக்கு மேல் இழுப்பது சாதாரணம். யூஎஸ்பி 3 போர்ட்டின் 900 மில்லி ஆம்பியரும் அதற்குப் பற்றாது. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான்.

நீங்கள் யூஎஸ்பி 3-க்கு மாறியும் பலன் இல்லாததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. டேட்டா வேகம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டிக்குக்குப் போகும் ஒரு வேலை சில நூறு பைட்டுகளைத் தாண்டாது. திரும்பி வரும் விடை அதைவிடச் சின்னது. யூஎஸ்பி 2-இன் 480 மெகாபிட்டே மிக மிக அதிகம். இணைய வேகமும் அப்படித்தான். பூலுக்கும் உங்களுக்கும் இடையில் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா, பதில் தாமதமாகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ரிஜெக்ட் எண்ணை, அதாவது பூல் ஏற்க மறுத்த ஷேர்களின் எண்ணிக்கையை, பார்த்தால் போதும். நூற்றுக்கு ஒன்றிரண்டுக்குள் இருந்தால் இணையத்தை மறந்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பூல் சர்வருக்கு மாறுங்கள்.

மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் சங்கடம். இடையில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் என்ன வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள், ஓடாதபோது 5.1 காட்டுவதில் பெருமை இல்லை. ஓடும்போது 4.75-க்குக் கீழே போனால் விஷயம் அங்கேதான். பெரும்பாலும் ஹப்பின் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) அடாப்டர் சிறியதாக இருக்கும். ஏழு போர்ட் ஹப்புக்கு 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்து விற்பதெல்லாம் பென்டிரைவுக்கும் மவுஸுக்கும் சரி. நீட்டிப்புக் கேபிளையும் சந்தேகப்படுங்கள். மெல்லிய 28 கேஜ் கம்பியில் ஒரு மீட்டர் போய் ஒரு மீட்டர் திரும்பினால் மின்தடை சுமார் 0.43 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.43 வோல்ட் காணாமல் போகும். 5 வோல்ட் கிளம்பி 4.57 ஆகப் போய்ச் சேரும். தனி அடாப்டர் உள்ள, போர்ட் ஒன்றுக்கு 2 ஆம்பியராவது உண்மையிலேயே தரும் ஹப்பில் நேரடியாகச் செருகுங்கள். நீட்டிப்பே வேண்டாம்.

இப்போது ஃபிரீக்வென்சி. கூட்டினால் வேகம் குறைவது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் எளிது. கடிகாரத்தை வேகமாக்கினால், அதற்கு ஈடுகொடுக்க சிப்புக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சிப் தப்பான விடை தரும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு விடையையும் சரிபார்த்துத் தப்பானதைத் தள்ளிவிடும். திரையில் 'ஹெச்டபிள்யூ' என்று ஏறுகிற எண் அதுதான். 120 மெகாஹெர்ட்ஸில் ஓடி நாலில் ஒரு பங்கு விடை குப்பைக்குப் போனால், கையில் நிற்பது 90-இல் ஓடியதற்குச் சமம். சில மென்பொருள் பதிப்புகள் எதிர்பார்த்த வேலை வரவில்லை என்று கண்டதும் தாமே ஃபிரீக்வென்சியை இறக்கிவிடும். ஹெச்டபிள்யூ 1 சதவீதத்துக்குள் இருக்கும்வரை நான் கவலைப்பட மாட்டேன். அதற்கு மேல் போனால் ஒரு படி கீழே இறங்குவதே லாபம்.

ஸ்டிக்கில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி வோல்ட்டைக் கூட்டலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கூட்டலாம்தான். ஆனால் மின்செலவு ஃபிரீக்வென்சிக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறும். ஃபிரீக்வென்சியை 20 சதவீதமும் வோல்ட்டை 10 சதவீதமும் கூட்டினால் மின்செலவு 45 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஹீட்சிங்க்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்குகள் வழியாகக் காற்று நீளவாக்கில் போகிற மாதிரி ஒரு ஃபேன் வையுங்கள். முகத்துக்கு நேரே வைத்தால் பாதிக் காற்று மோதித் திரும்பிவிடும். இரண்டு ஸ்டிக்கையும் அடுத்தடுத்த போர்ட்டில் ஒட்டி வைக்காமல், நடுவில் ஒன்றிரண்டு போர்ட்டைக் காலியாக விடுங்கள். தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம், விரல் சுடும்.

சரி, 60 கிடைக்குமா? 22.8, 22.8 என்று 45 வந்த பிறகு, 130 மெகாஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றினால் 60-ஐ ஒட்டி வரலாம், நல்ல ஹப்பும் ஃபேனும் இருந்தால். ஆனால் தனியாக ஒரு பிளாக்கை, அதாவது பிட்காயின் பரிசைத் தரும் விடையை, பிடிக்கும் கனவுக்காக என்றால், கணக்கைப் பார்த்துவிடுங்கள். பிட்காயினின் டிஃபிகல்ட்டி 2024 நவம்பரில் 100 லட்சம் கோடியைத் தாண்டியது. அந்த அளவில் உங்கள் இப்போதைய 34 கிகாஹாஷுக்கு ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 4 லட்சம் ஆண்டுகள். 45 ஆக்கினால் 3 லட்சம். 60 என்றால் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம். பொழுதுபோக்குக்கும் கற்றுக்கொள்ளவும் ஓட்டுங்கள், அதில் தப்பே இல்லை.

அப்புறம், நீங்கள் சொல்லாத ஒன்று. வேகம் அவ்வப்போது மொத்தமாகச் சரிந்து திரும்ப எழுகிறது, திரையில் 'ஸாம்பி' என்று வருகிறது என்றால், ஸ்டிக் இணைப்பு விட்டு விட்டு வருகிறது. அதற்கு மின்சாரத்தோடு இன்னொரு காரணமும் உண்டு: சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவிகளைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு வசதி. விண்டோஸின் பவர் செட்டிங்கிலும், லினக்ஸில் ஆட்டோசஸ்பெண்டிலும் அதை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் வேறு கனமான வேலையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும் ஸ்டிக் பட்டினி கிடக்கும். 429 கோடி நான்ஸ்கள் (முயன்று பார்க்க வேண்டிய எண்கள்) கொண்ட ஒரு வேலையை 22.8 கிகாஹாஷ் ஸ்டிக் 0.19 விநாடியில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். ராஸ்பெரி பையாக இருந்து, திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால், அதன் மின்னழுத்தமே 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது. முதலில் அதன் அடாப்டரை மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, நல்ல ஹப்பில் தனியாக ஓடும்போதும் அந்த ஸ்டிக் 1 சிப் என்றே காட்டினால், சிப்பிலோ அதன் ஈயப் பற்றிலோதான் கோளாறு. சமையல் ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று வீடியோக்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். உயிரோடிருக்கும் சிப்பும் போய்விடும், ஓவனும் அதன்பின் சமையலுக்கு ஆகாது. ஹாட் ஏர் வசதியோடு மொபைல் போர்டு பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். மனம் இல்லையென்றால் 100 மெகாஹெர்ட்ஸில் அந்த 11.4-க்கே ஓடவிடுங்கள். ஒரு சிப் மட்டும் ஓடும்போது மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும் என்பதால், சின்ன ஹப்பில் போட வேண்டிய ஸ்டிக் இதுதான். நல்ல போர்ட்டை மற்றதுக்குக் கொடுங்கள்.